பூஜ்யம் வேறு, புள்ளி வேறு

வகுத்தல் தெரியாமல் யாரும் நம் வேலைக்கு வருவதில்லை. மூன்றாம் வகுப்பிலேயே சொல்லிக் கொடுத்துவிடுகிறார்கள். ஆனாலும் நான் வேலை பார்த்த காலத்தில் ஆபீசில் நடந்த பெரிய சண்டைகள் எல்லாம் வகுத்தலில்தான் வந்தன. கூட்டலுக்கு யாரும் சண்டை போட்டு நான் பார்த்ததில்லை. புதிதாக டேட்டா பிரிவில் சேர்ந்திருக்கும் உங்களுக்கு எந்தப் பட்டனை அழுத்த வேண்டும் என்று நான் சொல்லப் போவதில்லை. அது என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். எதை எதால் வகுப்பது என்று முடிவு செய்ய வேண்டிவந்த ஒரு சீசனைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. திருப்பூரில் ஒரு வெளிநாட்டு பனியன் வியாபாரிக்குச் சரக்கு பார்த்து அனுப்பும் ஆபீஸ் எங்களுடையது. ஊரில் கம்ப்யூட்டர் என்றால் ஜாதகம் கணிக்கும் மெஷின் என்று நினைத்தவர்கள் இன்னும் பாக்கி இருந்தார்கள். எங்கள் ஆபீசுக்கு வந்தவர்களில் இரண்டு பேராவது என்னிடம் நட்சத்திரம் சொல்லியிருக்கிறார்கள். அந்த மெஷினில் வெளிநாட்டுத் தலைமை அலுவலகம் சாஸ் என்ற மென்பொருளைப் போட்டுக் கொடுத்திருந்தது. புள்ளிவிவரக் கணக்குப் போடுவதற்கானது. கூடவே ஒரு புத்தகம் வந்தது. கரண்ட் போன நேரங்களில் ஜன்னல் பக்கம் உட்கார்ந்து அதைப் படித்தே நான் சாஸ் கற்றுக்கொண்டேன். திருப்பூரில் அன்று கரண்ட் போன லட்சணத்துக்கு, சீக்கிரமே நன்றாகக் கற்றுக்கொண்டேன்.

வேலை இதுதான். எங்களுக்குத் துணி தைத்து, பீஸ் பீஸாகப் பழுது இருக்கிறதா என்று பார்த்துக் கொடுக்கும் ஒவ்வொரு யூனிட்டுக்கும் ஐந்து நிரல்கள், அதாவது மேலிருந்து கீழாக ஓடும் எண் வரிசைகள். ஓட்டை, கறை, தையல் பிசகு, அளவுக் குறை என்று நான்கு. பார்த்த பீஸ் மொத்தம் எத்தனை என்பது ஐந்தாவது. யூனிட் யூனிட்டாக இந்த ஐந்தும் ஒரு கூட்டமாகப் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும். ஒவ்வொரு கூட்டத்திலும் உள்ள நான்கு நிரல்களை அந்தக் கூட்டத்தின் மொத்த நிரலால் வகுத்தால், நூற்றுக்கு எத்தனை பழுது என்று வந்துவிடும். புரோகிராமைத் தலைமை அலுவலகத்திலேயே எழுதி அனுப்பிவிட்டார்கள். ஓட்டினால் போதும் என்றார்கள்.

ஓட்டினேன். திருப்பூருக்குள்ளேயே ராயபுரத்தில் இருந்த ஒரு பெரிய கம்பெனியில் ஓட்டைப் பழுது நூற்றுக்கு இருபத்தோராயிரத்து இருநூறு என்று வந்தது.

எங்கள் மேனேஜர் நிதானமான மனிதர். பேப்பரைக் கையில் வாங்கி, கண்ணாடியை ஏற்றி இறக்கிப் பார்த்தார்.

"ஏம்மா, இது கொஞ்சம் ஜாஸ்தியாத் தெரியுதுங்களே?"

"ஆமாங்க சார். ஒரு பீஸுக்கு இருநூத்திப் பன்னெண்டு ஓட்டைன்னு வருது."

"அதய பனியன்னு சொல்ல முடியாதுங்களே. கொசுவலை."

விஷயம் சின்னது. தலைமை அலுவலகத்துக்காரர்கள் ஊரில் மொத்தத்தைக் கடைசியில் எழுதுவார்கள். நம் ஊரில் மொத்தத்தைத்தான் முதலில் எழுதுவோம். ஆர்டர் எத்தனை பீஸ் என்று கேட்டுவிட்டுத்தான் கலர் என்ன, சைஸ் என்ன என்று கேட்கிற ஊர் இது. பழக்கதோஷத்தில் நாங்கள் மொத்த நிரலை முன்னால் வைத்துவிட்டோம். அவர்கள் புரோகிராமோ கூட்டத்தில் உள்ள எல்லா நிரலையும், மொத்தத்தையும் சேர்த்து, மொத்தத்தால் வகுத்துக்கொண்டே போகும். கடைசியில் இருந்தால் கெடுதல் இல்லை. முதலில் இருந்ததால் மொத்தம் தன்னைத்தானே வகுத்து ஒன்று ஆகிவிட்டது. அதன்பின் வந்த பாவப்பட்ட நான்கு நிரல்களும் அந்த ஒன்றால் வகுபட்டு, இருந்தபடியே இருந்தன. இருநூற்றுப் பன்னிரண்டு ஓட்டையை நூற்றுக்கு என்று பெருக்கியதும் இருபத்தோராயிரத்தைத் தாண்டிவிட்டது. வகுக்கும் முன் மொத்தத்தைத் தனியாக எடுத்து வைத்துக்கொள்ளும்படி புரோகிராமை மாற்றினேன். சரியாகிவிட்டது.

சரியாகாமல் போனது மேனேஜர்தான். அன்றிலிருந்து அவர் ஒரே ஒரு சோதனை வைத்துக்கொண்டார். எண் நூறுக்குக் கீழே இருக்கிறதா என்று பார்ப்பார். இருந்தால் கையெழுத்துப் போட்டுவிடுவார். இதைச் சிரிப்பதற்காகச் சொல்லவில்லை. அசிங்கமான தப்பு தன்னைத்தானே காட்டிக்கொடுத்துவிடும். பார்க்க லட்சணமாக இருக்கும் தப்புதான் கையெழுத்து வாங்கிக்கொண்டு வெளியே போகும்.

அந்த சீசனில் தலைமை அலுவலகம் ஒரு விதி கொண்டுவந்தது. நூற்றுக்குப் பத்துக்கு மேல் பழுது காட்டும் யூனிட்டுகளைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட வேண்டும். விதி வந்தபின் முதல் ரிப்போர்ட் போக வேண்டிய நாள் வந்தது, மத்தியானத்துக்குள் ஃபேக்ஸில் போக வேண்டும். எல்லா யூனிட்டும் மூன்று, நான்கு, ஐந்து என்று நின்றன. ராயபுரத்துக் கம்பெனி இரண்டு. பெருமாநல்லூரில் இருந்த ஒரே ஒரு யூனிட் மட்டும் நாற்பத்தொன்று.

அந்த யூனிட்டை நடத்தியவர் ஸ்டெல்லா அக்கா. ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட ஒரு நீளமான கொட்டகையில் அக்கம்பக்கத்துப் பெண்களை வைத்து பீஸ் பார்த்து, பழுதைச் சரி செய்து கொடுத்துக்கொண்டிருந்தார். கைக்குழந்தைக்காரிகள், டவுனுக்கு பஸ் ஏறிப் போகவிடாத வீட்டுக்காரர்கள் உள்ளவர்கள், இப்படிப்பட்டவர்களுக்கு அந்தக் கொட்டகையை விட்டால் வேறு வேலை கிடையாது. எங்கள் பட்டியலில் இருந்து பெயர் போனால் அது எங்களோடு நிற்காது. ஊரில் மற்ற எக்ஸ்போர்ட்காரர்களும் எங்கள் பட்டியலைக் கேட்டு வாங்கிப் பார்த்துத்தான் வேலை கொடுப்பார்கள். ஒரு எண்ணால் கொட்டகைக்குப் பூட்டு விழுந்துவிடும்.

"நாப்பத்தொண்ணு. நூறுக்குக் கீழதானுங்களே இருக்குது" என்றார் மேனேஜர். பேனாவைத் திறந்துவிட்டார்.

எனக்கு மனசு ஒப்பவில்லை. கணக்கில் தப்பில்லை, நானே மூன்று தடவை சரிபார்த்துவிட்டேன். ஆனால் பாதி பீஸ் பழுதாக வெளியே விடுகிற யூனிட் என்றால், கடைசிப் பரிசோதனையில் அங்கிருந்து வந்த பெட்டிகள் திரும்பியிருக்க வேண்டும். ஒன்றுகூடத் திரும்பியதாக எனக்கு ஞாபகம் இல்லை. சாயங்காலம் வரை டைம் கேளுங்கள் சார் என்றேன். ஃபேக்ஸ் மெஷின் ரிப்பேர் என்று சொல்லிவிடுவதாக மேனேஜர் ஒப்புக்கொண்டார். எங்கள் ஃபேக்ஸ் மெஷினின் பூர்வ சரித்திரம் தெரிந்தவர்கள் யாரும் அதைச் சந்தேகப்பட மாட்டார்கள்.

பெருமாநல்லூர் பஸ்ஸில் போய் இறங்கினேன். கொட்டகை வாசலில் வெள்ளைச் சாக்கு மூட்டைகள் அடுக்கியிருந்தன. ஒவ்வொன்றிலும் ராயபுரத்துக் கம்பெனியின் அட்டை தொங்கியது. ஒரு மூட்டையைப் பிரித்துப் போட்டிருந்தார்கள். மேலே கிடந்த பனியனில் ஒரு சிவப்பு அம்பு ஸ்டிக்கர். அடுத்ததில் ஒன்று. அதற்கடுத்ததில் இரண்டு. பழுது இருக்கும் என்று சந்தேகப்படும் இடத்தில் பீஸ் பார்க்கிறவர்கள் ஒட்டுகிற ஸ்டிக்கர் அது. நான் கையை விட்டுக் கிளறி அடியில் இருந்தும் எடுத்துப் பார்த்தேன். ஸ்டிக்கர் இல்லாத பனியன் அந்த மூட்டையில் இல்லை.

அப்போதுதான் விளங்கியது. ராயபுரத்தில் அவசர ஆர்டர் வந்தால், சந்தேகமான பீஸை நின்று பார்க்க நேரமில்லை. அம்பு ஒட்டி ஓரமாகப் போட்டுவிடுவார்கள். 'டவுட் பீஸ்' என்று அதற்குப் பெயர். அது சேர்ந்ததும் மூட்டை கட்டிப் பெருமாநல்லூருக்கு அனுப்பிவிடுவார்கள். ஸ்டெல்லா அக்காவின் மொத்த நிரலில் இருந்தது முழுக்க அந்த மூட்டைகள்தான். ராயபுரத்தின் பழுது நிரல்களில் அவை கிடையவே கிடையாது. அங்கே அவை பழுதும் இல்லை, நல்லதும் இல்லை, 'டவுட்'. டவுட்டுக்கு எங்கள் கணக்கில் நிரல் இல்லை.

விஷயத்தைச் சொல்லி, "உங்களுது நாப்பத்தொண்ணு வருதுங்க" என்றேன்.

ஸ்டெல்லா அக்கா கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். "நாப்பத்தொண்ணு தானுங்களா? நானு இன்னும் ஜாஸ்தி இருக்குமுன்னு நெனச்சனுங்க. பாதிக்கு மேல அவசரத்துல சும்மா ஒட்டி உட்டுப்போடறாங்களாட்ட இருக்குதுங்க."

பட்டியலிலிருந்து பெயரை எடுக்கப் போகிறார்கள் என்று அடுத்துச் சொன்னேன். அவர் கண்ணாடியை மாட்டவில்லை. உள்ளே வேலை செய்துகொண்டிருந்த பெண்கள் யாரும் நிமிரவில்லை. ஒருத்தி மட்டும் கையிலிருந்த பீஸை மறுபடி முதலிலிருந்து பார்க்க ஆரம்பித்தாள்.

திரும்பி வந்து கணக்கை மாற்றிப் போட்டேன். ஸ்டெல்லா அக்காவின் கொட்டகையில் பழுதுதான் என்று உறுதியானவற்றை ராயபுரத்தின் பழுதோடு கூட்டி, ராயபுரத்தின் முழு மொத்தத்தால் வகுத்தேன். வகுத்தல் அதே வகுத்தல்தான். எந்த நிரல் எந்தக் கூட்டத்தைச் சேர்ந்தது என்பதுதான் மாறியது. ராயபுரம் இரண்டிலிருந்து ஒன்பது ஆயிற்று, பத்துக்கு ஒன்றுதான் குறைவு. ஸ்டெல்லா அக்காவின் எண்ணுக்குப் பக்கத்தில், இது பழுது நீக்கும் யூனிட், நீக்கல் விதி இதற்குப் பொருந்தாது என்று ஒரு குறிப்புப் போட்டேன்.

மேனேஜருக்கு வேர்த்தது. ராயபுரத்துக்காரர் ஊரில் பெரிய மனிதர். கல்யாணங்களில் முன்வரிசையில் உட்காருகிறவர்.

"அவருக்கு ஆரும்மா பதில் சொல்றது?"

"நீங்கதானுங்க சார்."

"நீங்க போட்ட கணக்கு. நான் பதில் சொல்லோணுமா?"

"நான் சொன்னா அவர் கேக்க மாட்டாருங்க. நீங்க சொன்னா கோவமாவது படுவாரு."

எழுந்து மின்விசிறியை வேகமாக வைத்தார். அப்புறம் கையெழுத்துப் போட்டார். அந்த மனிதரை நான் எத்தனையோ விஷயத்தில் கிண்டல் செய்திருக்கிறேன். அந்தக் கையெழுத்துக்காக அவரை இன்றும் மதிக்கிறேன்.

இத்துடன் கதை முடிந்து, நீதி வென்றது என்று நான் எழுதியிருந்தால் உங்களுக்குச் சௌகரியமாக இருந்திருக்கும்.

ராயபுரத்துக்காரர் ஆபீசுக்கு வந்தார். சத்தம் போடவில்லை. காபி கொடுத்தோம், குடித்தார். "ஏனுங்க, பீஸு நம்ம வாசலத் தாண்டிப் போனதுக்கப்புறமும் நம்ம தலைலதான் எழுதுவீங்களா?" என்று கேட்டார். மேனேஜர் ஆமாங்க என்றார். "அப்படீங்களா, சரிங்க" என்று எழுந்து போனார். பெருமாநல்லூருக்கு மூட்டை போவது அந்த வாரமே நின்றது. டவுட் பீஸை அப்படியே, பழுதுச் சரக்கை மலிவாக வாங்கி விற்கும் செகண்ட்ஸ் வியாபாரிக்குத் தள்ளிவிட்டால் அது யார் கணக்கிலும் வராது என்று அவர் கண்டுபிடித்துவிட்டார்.

அடுத்த மாதம் புரோகிராமை ஓட்டினேன். ஸ்டெல்லா அக்காவின் மொத்த நிரலில் பூஜ்யம். பூஜ்யத்தால் வகுக்கச் சொன்னால் சாஸ் கோபித்துக்கொண்டு நின்றுவிடாது. பூஜ்யத்தால் வகுத்தல் நடந்திருக்கிறது என்று ஒரு ஓரத்தில் எழுதி வைத்துவிட்டு, விடை இருக்க வேண்டிய இடத்தில் ஒரு புள்ளி வைத்துவிட்டுப் போய்விடும். நான்கு நிரலிலும் நான்கு புள்ளி.

பேப்பரைப் பார்த்த மேனேஜர், "இதென்னம்மா ஈ மொய்ச்சாப்பல?" என்றார்.

சொன்னேன்.

"புள்ளியெல்லாம் அவுங்களுக்குப் புடிக்காதுங்க. பூஜ்யம் போட்டு உடுங்க. பழுது ஒண்ணுமே இல்லீங்களே, அது நெசந்தானே?"

அது நிஜம்தான். அங்கேதான் வம்பு. அந்த சீசன் முடிவில், மிகக் குறைந்த பழுது காட்டிய யூனிட்டுக்குத் தலைமை அலுவலகம் பித்தளையில் ஒரு ஷீல்டு கொடுப்பதாக அறிவித்திருந்தது. நான் போட்ட குறிப்பு நீக்கும் பட்டியலுக்கு மட்டும்தான். பரிசுப் பட்டியலுக்கு யாரும் குறிப்புப் போடவில்லை. புள்ளி இருக்கும் இடத்தில் பூஜ்யம் போட்டால், ஒரு பீஸ்கூடப் பார்க்காத ஸ்டெல்லா அக்கா முதல் பரிசு வாங்குவார். மேனேஜருக்கும் அது தெரிந்தே இருந்தது. "அந்தம்மாவுக்கு நம்மளால ஒரு கஷ்டம் வந்துபோச்சு. நம்மளால ஒரு நல்லதும் வரட்டுமே" என்றார். மனிதர் நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். எனக்கும் ஆசையாகத்தான் இருந்தது. சரியான கணக்குப் போட்டு நான்தான் அந்தக் கொட்டகையைக் காலி செய்திருந்தேன் என்ற உறுத்தல் உள்ளே இருந்துகொண்டே இருந்தது.

பேப்பரை எடுத்துக்கொண்டு மறுபடி பெருமாநல்லூர் போனேன். தையல் மெஷின்கள் மேல் துணி போர்த்தியிருந்தார்கள். ஸ்டெல்லா அக்காவும் இன்னொரு பெண்ணும் பழைய சாக்குகளை உதறி மடித்துக்கொண்டிருந்தார்கள். வேறு வேலை இல்லாததால் அதைச் செய்தார்கள். நான் ஷீல்டு பற்றிச் சொன்னேன்.

"வேல செய்யாமயே மொதல் பரிசுங்களா?"

"கணக்குப்படி அப்படித்தான் வருதுங்க."

கையிலிருந்த சாக்கை மடித்து அடுக்கில் வைத்தார். "அதய மாட்டறதுக்குச் செவுரு இருக்குதுங்க மேடம். செவுத்துக்குள்ளதான் ஆளு இல்ல."

கூட இருந்த பெண் சிரித்தாள். ஸ்டெல்லா அக்கா சிரிக்கவில்லை. "அந்தப் பூஜ்யத்தப் பாத்தாங்கன்னா, இங்க எல்லாம் நல்லாப் போயிட்டிருக்குதுன்னு நெனச்சுக்குவாங்க. அப்படித்தானுங்களே?" என்றார்.

அப்படித்தான். எனக்கு அதற்குமேல் அங்கே உட்கார முடியவில்லை. பஸ்ஸில் வரும்போது எரிச்சலாக வந்தது. யார் மேல் என்று தெரியவில்லை. ராயபுரத்துக்காரர் மேல் என்று வைத்துக்கொண்டேன், பெரிய மனிதர், தாங்குவார்.

புள்ளியைப் புள்ளியாகவே அனுப்பினேன். மேனேஜர் கேட்டதற்கு, பூஜ்யம் என்றால் வேலை நடந்தது, பழுது இல்லை என்று அர்த்தம் சார், புள்ளி என்றால் வேலையே நடக்கவில்லை என்று அர்த்தம், பூஜ்யத்தை யாரும் ஏனென்று கேட்க மாட்டார்கள் என்றேன். "புள்ளிய மட்டும் கேப்பாங்களா?" என்றார். தெரியாது சார் என்றேன். உண்மையிலேயே எனக்குத் தெரியாது.

ஒரு வாரம் எதுவும் வரவில்லை. நான் தினமும் ஃபேக்ஸ் மெஷினை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்புறம் ஒரு நாள் போன் வந்தது. தலைமை அலுவலகத்தில் தரப் பிரிவைக் கவனித்துக்கொண்டிருந்த அம்மாள். ரிப்போர்ட்டில் ஒரு யூனிட்டுக்குப் புள்ளி வந்திருக்கிறது, பிரின்டர் கோளாறா என்று இங்கிலீஷில் கேட்டார். இல்லை, அவர்களுக்குப் பீஸ் போகவில்லை என்றேன். ஏன் போகவில்லை என்றார். போனால் அனுப்புகிறவர் கணக்கில் பழுது ஏறும், அதனால் அனுப்புவதில்லை என்றேன். அப்படியானால் சந்தேகமான பீஸெல்லாம் இப்போது எங்கே போகிறது என்று கேட்டார்.

எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். அதில் தங்கள் பெயர் அச்சடித்திருக்கிறதா, எந்தக் கடையில் தொங்குகிறது என்று இரண்டு தடவை கேட்டார். அவர்கள் பெயர் அச்சடித்த பனியன் செகண்ட்ஸ் கடையில் தொங்குகிறது என்பது அவர்களுக்கு எங்கள் கொட்டகைகளைவிடப் பெரிய விஷயம் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. கொட்டகைக்காக அனுப்பிய புள்ளி அவர்களுடைய வேறொரு பயத்தில் போய்க் குத்தியிருந்தது. நல்ல காரியங்கள் பெரும்பாலும் அப்படித்தான் நடக்கின்றன என்பது என் அனுபவம்.

அடுத்த சரக்கிலிருந்து புது உத்தரவு. அம்பு ஒட்டிய பீஸெல்லாம் எந்த யூனிட்டில் சரி செய்யப்பட்டன என்று காட்டாத சரக்கைக் கப்பலில் ஏற்ற மாட்டோம். ராயபுரத்துக்காரர் மறுபடி ஆபீசுக்கு வந்தார். காபி கொடுத்தோம், இந்த முறை குடிக்கவில்லை. போகும்போது என் மேஜைப் பக்கம் நின்று, "ஏனுங்க, அந்த மெஷின்ல ஒரு புள்ளி வெக்காம இருக்க முடியாதுங்களா?" என்று கேட்டார். முடியாதுங்க என்றேன். மரியாதையாகத்தான் சொன்னேன்.

ஷீல்டு வேறு ஏதோ யூனிட்டுக்குப் போயிற்று. பெருமாநல்லூருக்கு மூட்டைகள் திரும்ப வந்தன. எல்லாப் பெண்களும் திரும்ப வரவில்லை. அதற்குள் சிலர் வேறு இடம் பார்த்துக்கொண்டு போய்விட்டார்கள். ஒருத்தி மூலனூரில் முருங்கைக்காய் மண்டிக்கு வேலைக்குப் போய்விட்டதாக ஸ்டெல்லா அக்கா சொன்னார். அதை எந்த நிரலிலும் போட எனக்கு வழி தெரியவில்லை.

நீங்கள் இப்போது வேலை பார்க்கும் மென்பொருள்களில் புள்ளி வந்தால் தானாகப் பூஜ்யமாக்கிவிடும் வசதி இருக்கிறது என்று கேள்விப்பட்டேன். அதை நிறுத்தி வையுங்கள். புள்ளி வந்தால் ரிப்போர்ட்டை ஓரமாக வைத்துவிட்டு எழுந்து போய்ப் பாருங்கள். யாருக்கோ வேலை போயிருக்கலாம். பிரின்டர் கோளாறாகவும் இருக்கலாம். உட்கார்ந்த இடத்திலிருந்து அது தெரியாது.

மூட்டைகள் திரும்ப வந்த மாதம் புரோகிராமை ஓட்டியபோது ஸ்டெல்லா அக்காவின் இடத்தில் புள்ளி இல்லை. எண் வந்திருந்தது. நாற்பத்து மூன்று. நான் வேலை பார்த்த காலத்தில் ஒரு பழுது விகிதத்தைப் பார்த்து அவ்வளவு சந்தோஷப்பட்டது அந்த ஒரு தடவைதான். மேனேஜரிடம் காட்டினேன். நூறுக்குக் கீழ் இருப்பதைப் பார்த்துக் கையெழுத்துப் போட்டார். பெருமாநல்லூருக்குப் போன் போட்டு, "அக்கா, நாப்பத்து மூணுங்க" என்றேன்.

பின்னால் தையல் மெஷின்கள் ஓடும் சத்தத்தில் அவருக்கு முதலில் கேட்கவில்லை. இன்னொரு முறை சொன்னேன்.

"ரொம்ப சந்தோஷமுங்க" என்றார்.